பப்பாளிக் குழியில் மூன்று நாற்று

பப்பாளி நடுகிறவர்கள் ஒரு குழிக்கு ஒரு நாற்றோடு நிறுத்துவதில்லை. இரண்டு வைப்பார்கள், பல இடங்களில் மூன்று. சில மாதம் கழித்துப் பூ எடுத்ததும் குழி குழியாகப் போய்ப் பூவைப் பார்த்து, ஒரு கன்றை விட்டுவிட்டு மற்றதை வெட்டி எறிவார்கள். அத்தனை நாள் தண்ணீரும் எருவும் கொடுத்து வளர்த்ததை வெட்டுகிறார்களே என்று வேடிக்கை பார்ப்பவருக்கு வயிறு எரியும். வேறு வழியில்லை. பூ வருகிறவரை தான் ஆணா பெண்ணா என்று பப்பாளி காட்டிக்கொடுக்காது.

கோ.2 போன்ற ரகம் என்றால் கணக்கு எளிது. ஆண் மரம், பெண் மரம் என இரண்டே வகை. இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் என்று மகரந்தத்துக்காக விட்டுவைத்து, மீதி ஆண்களை எடுத்துவிடலாம். கோ.3, கோ.7, ரெட் லேடி இவற்றில் கதை வேறு. அங்கே ஆண் மரமே வராது. சில கன்றுகள் பெண்ணாக இருக்கும். மற்றவை ஒரே பூவுக்குள் மகரந்தத்தையும் சூலகத்தையும் சேர்த்து வைத்திருக்கும் இருபாலிகள். பெண் மரத்துக் காய் உருண்டையாகவும் உள்ளே குழி அகலமாகவும் இருக்கும். இருபாலி மரத்துக் காய் நீளமாக, சதை கனத்து வரும். பெட்டியில் அடுக்கவும் வசதி என்பதால் வியாபாரிகள் பெரும்பாலும் நீளக் காயைத்தான் கேட்பார்கள்.

ஆக, பப்பாளி என்ற ஒரே இனத்துக்குள் ஆண், பெண், இருபாலி மூன்றும் உண்டு. வள்ளுவர் பொறுத்துக்கொள்வார் என்றால் இதை முப்பால் அமைப்பு என்று சொல்லலாம். இதே போல ஒரே இனத்தில் பெண்ணும் இருபாலியும் மட்டும் கலந்திருப்பது ஒரு வகை. ஆணும் இருபாலியும் மட்டும் கலந்திருப்பது இன்னொரு வகை. பள்ளியில் நாம் படித்த பிரிவுகளில் இவற்றுக்கு இடமில்லை. செம்பருத்தி இருபால் பூ, தென்னையில் ஒரே பாளையில் ஆண் பூவும் பெண் பூவும், பனை என்றால் தனி மரம். அதோடு பாடம் முடிந்தது.

பனையில் இந்தப் பிரிவு எவ்வளவு கறார் என்பதற்கு ஊர்ப்பேச்சே சாட்சி. ஆண் மரம் அலகுப்பனை, பெண் மரம் பருவப்பனை என்று தனித்தனிப் பெயர். செய்யாற்றுத் திருவோத்தூர்க் கோயிலில் சம்பந்தர் ஆண் பனைகளைக் குலை ஈன வைத்தார் என்பது அவருடைய அற்புதங்களில் ஒன்று. ஆண் பனை காய்க்கவே காய்க்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் அது அற்புதமாகும். பப்பாளியில் இதற்கு அற்புதம் தேவைப்படுவதில்லை. ஆண் பப்பாளி சில பருவங்களில் நீளக் காம்பின் நுனியில் நாலைந்து காயைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதைக் கொல்லைகளில் பார்க்கலாம்.

பூக்கும் தாவர இனங்களில் பனையைப் போல ஆண் பெண் தனித்தனியாக வாழ்பவை ஏறக்குறைய 6 சதவீதம்தான். பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் இருபாலிகள். விலங்குகளில் நேர்மாறாக, ஆண் பெண் பிரிந்திருப்பதே வழக்கம். நத்தை, மண்புழு போன்றவை சிறுபான்மை. இந்த இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் நிற்கும் கலப்பு இனங்களைப் பார்த்தால் பாதி வழியில் நிற்பது போலத் தோன்றும். எங்கிருந்து எங்கே போகும் வழியில்? தாவரக் கலப்பும் விலங்குக் கலப்பும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கான விடையில் பெரும்பகுதி, என் கணிப்பில், இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில் பெண்ணும் இருபாலியும் கலந்த வகை. எல்லாச் செடியும் இருபாலியாக இருக்கும் ஒரு காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விதைக்கும் ஒரு தாய், ஒரு தந்தை. அதனால் ஒரு செடி தன் மரபணுக்களை அடுத்த தலைமுறைக்கு இரண்டு வாசல் வழியாக அனுப்புகிறது: தானே காய்க்கும் விதை ஒன்று, அயல் செடியின் விதைக்குள் போய்ச் சேரும் தன் மகரந்தம் இன்னொன்று. மொத்தக் காட்டையும் எடுத்துக்கொண்டால் இரண்டு வாசலிலும் சரிபாதி போகிறது. இப்போது ஒரு செடியில் மரபணு பிசகி மகரந்தம் உருவாகாமல் போய்விட்டது. அது பெண்ணாகிவிட்டது. ஒரு வாசல் அடைபட்டாயிற்று. மற்றவர்களோடு ஈடு கொடுக்க வேண்டுமென்றால் திறந்திருக்கும் வாசலில் இரண்டு மடங்கு விதை அனுப்ப வேண்டும். மகரந்தம் செய்யாததால் மிஞ்சும் சத்து கொஞ்சம் உதவும்தான், ஆனால் விதை இரட்டிப்பாகும் அளவுக்கு மிஞ்சுமா?

ஒரு வகையில் ஈடுகட்டலாம். இருபாலிப் பூ பல நேரம் தன் மகரந்தத்தாலேயே சூலுறும். நெருங்கிய சொந்தத்தில் கொண்டு கொடுப்பதன் உச்சம் இது: அத்தை மகன், மாமன் மகள் எல்லாம் தாண்டித் தன்னையே கட்டிக்கொள்வது. அப்படிப் பிறக்கும் நாற்றுகள் பெரும்பாலும் நோஞ்சானாக இருக்கும். பெண் செடிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அதன் விதையெல்லாம் அயல் மகரந்தத்தில் பிறந்தவை. ஆக விதையின் எண்ணிக்கை கொஞ்சம் கூடி, தரமும் கூடினால் பெண் செடி தாக்குப்பிடிக்கும். டார்வின் தைம் என்ற நறுமணச் செடியில் பெண் செடிகளையும் இருபாலிச் செடிகளையும் வளர்த்து ஒப்பிட்டு, பெண் செடிகள் நிறையவே அதிகமாக விதை கொடுப்பதை 1877-இல் எழுதினார். இந்த வகை அமைப்புக்கு இன்றும் வழங்கும் பெயரை வைத்தவரும் அவர்தான்.

கணக்கு அப்போதும் இடித்துக்கொண்டுதான் இருந்தது. இரட்டிப்பு விதை கொடுக்காத பெண் செடிகளும் பல காடுகளில் செழித்துக் கிடந்தன. 1941-இல் லூயிஸ் என்ற ஆங்கில மரபியலாளர் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். மகரந்தத்தைக் கெடுக்கும் மரபணு செல்லின் உட்கருவில் இல்லாமல் அதற்கு வெளியே இருந்தால் கதை மாறிவிடும் என்பது தெரிந்தது. உட்கருவுக்கு வெளியே முக்கியமாக இருப்பது மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்கு ஆற்றல் எடுத்துக்கொடுக்கும் நுண்ணுறுப்பு. அதற்கென்று தனி மரபணுக்கள் உண்டு. பெரும்பாலான செடிகளில் அது தாய் வழியாக, சூல் வழியாக மட்டுமே பிள்ளைக்குப் போகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் கண்ணில் மகரந்தம் ஒரு முட்டுச்சந்து. அங்கே செலவிடும் சத்தெல்லாம் வீண். எனவே மகரந்தத்தை அழித்து விதையைத் துளி கூட்டினாலும் போதும், அந்த மைட்டோகாண்ட்ரியா பரவிவிடும். இரட்டிப்பெல்லாம் தேவையே இல்லை.

உட்கருவில் உள்ள மரபணுக்களுக்கு இதனால் நஷ்டம். அவை இரண்டு வாசலிலும் போகிறவை. ஒரு வாசலைக் குடித்தனக்காரன் பூட்டிவிட்டால் வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? மகரந்தத்தை மீட்டுக்கொடுக்கும் மரபணு உட்கருவில் தோன்றிப் பரவும். செடி மறுபடி இருபாலியாகும். அப்புறம் மைட்டோகாண்ட்ரியாவில் புதிதாக இன்னொரு கெடுப்பு, அதற்கு இன்னொரு மீட்பு. இந்த இழுபறி எங்கே எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து, ஒரே இனத்தில் ஒரு மலைச்சரிவில் பெண் செடி அபூர்வமாகவும் அடுத்த சரிவில் பாதிக்கு மேலும் இருக்கும். ஒரு செடி பெண்ணா இருபாலியா என்பதை அதன் உடம்புக்குள்ளேயே இரு தரப்பும் அடித்துக்கொண்டு தீர்மானிக்கின்றன. பரிணாமத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் இது ஒன்று.

நம் சாப்பாட்டிலும் இந்தச் சண்டைக்குப் பங்கு உண்டு. வீரிய ஒட்டு விதை செய்ய வேண்டுமென்றால் தாய்ச்செடி தன் மகரந்தத்தாலேயே சூலுறாமல் இருக்க வேண்டும். நெல்லிலும் கம்பிலும் பூ பூவாக மகரந்தப்பையைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருக்க முடியுமா? மைட்டோகாண்ட்ரியாவே அந்த வேலையைச் செய்து வைத்திருந்தால் சுலபம். 1965-இல் இந்தியாவில் வெளியான ஹெச்பி-1 என்ற வீரிய ஒட்டுக் கம்புக்குத் தாய், அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உருவான டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டு வரிசை. சீனாவின் ஹைனான் தீவில் 1970-இல் யுவான் லாங்பிங் குழுவினர் கண்டெடுத்த மகரந்தமில்லாத ஒரு காட்டு நெல்லிலிருந்துதான் சீனத்து வீரிய ஒட்டு நெல் கிளம்பியது. அதே 1970-இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் இதன் மறுபக்கமும் தெரிந்தது. அந்த நாட்டு மக்காச்சோளத்தில் பெரும்பகுதி டெக்சாஸ் வகை என்ற ஒரே ஆண்மலட்டுத் தாய்வழியைச் சேர்ந்தது. மகரந்தத்தைக் கெடுத்த அதே மைட்டோகாண்ட்ரிய மரபணு, ஓர் இலைக்கருகல் பூஞ்சையின் நஞ்சுக்கும் செடியை இரையாக்கியது. அந்த ஆண்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயிற்று.

காட்டுக்குத் திரும்புவோம். பெண் செடிகள் பெருகப் பெருக, மிச்சமிருக்கும் இருபாலிகளின் மகரந்தத்துக்குக் கிராக்கி கூடும். சுற்றிலும் மகரந்தத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் இருக்கும்போது அவை விதைக்குச் செலவிடுவது குறைந்துகொண்டே போகலாம். கடைசியில் சூலகத்தையே முடக்கும் ஒரு மரபணு வந்தால் ஆண் செடி பிறந்துவிடும். முதலில் மகரந்தத்தைக் கெடுக்கும் மாற்றம், பிறகு சூலகத்தைக் கெடுக்கும் மாற்றம். இரண்டும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, இடம் மாறிக் கலக்காமல் பூட்டிக்கொண்டால் அதுவே ஆணைத் தீர்மானிக்கும் ஒய் குரோமோசோமின் தொடக்கம். இது வெகு காலம் காகிதக் கணக்காகவே இருந்தது. கிவிப் பழக் கொடியின் ஒய்யில் இரண்டு மரபணுக்களைப் பிடித்தபோது கதை உறுதியாயிற்று. ஒன்று சூலகத்தை அடக்குகிறது, மற்றது மகரந்தம் உருவாக உதவுகிறது. கண்டுபிடித்தவர்கள் வைத்த பெயர்களும் பொருத்தமானவை: ‘ஷை கேர்ள்’, ‘ஃப்ரெண்ட்லி பாய்’.

சரி, ஆணும் இருபாலியும் கலந்த வகைக்கு வருவோம். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் அதே கணக்குத்தானே என்று தோன்றும். விதை வாசலை அடைத்துக்கொண்ட ஆண், மகரந்தத்தை இரட்டிப்பாக அனுப்பினால் முடிந்தது. அப்படி முடியவில்லை. சுற்றியிருக்கும் இருபாலிகள் தம் மகரந்தத்தாலேயே பாதி விதையை முடித்துக்கொண்டால், ஆணுக்குக் கிடைப்பது மீதிப் பாதிதான். பெண் செடிக்குத் துணைநின்ற தன்மகரந்தச் சேர்க்கை ஆணுக்கு எதிராகத் திரும்புகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் ஆணுக்காக வாதாட வராது. இந்த அமைப்பு தாவரங்களில் இருக்கவே கூடாது என்கிற அளவுக்குக் கணக்கு கறாராக இருந்தது.

இருப்பதாகச் சொல்லப்பட்ட இனங்களைத் தோண்டிப் பார்த்தபோது பலவற்றின் சாயம் வெளுத்தது. கத்தரிக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் சிலவற்றில் இருபாலி போலத் தெரிந்த பூவில் மகரந்தம் என்னவோ இருந்தது. ஆனால் அந்தத் துகளில் முளைக்குழாய் வெளியே வருவதற்கு வாசலே இல்லை. சூலுறச் செய்வது அதன் வேலையே அல்ல, தேனீக்குத் தீனியாகப் போகிறது, அவ்வளவுதான். அந்தச் செடிகள் உண்மையில் பெண்கள். மகரந்தம் காட்டித் தேனீயை ஏமாற்றியதோடு தாவரவியலாளர்களையும் சேர்த்து ஏமாற்றியிருந்தன.

சாயம் போகாத முதல் உதாரணம் என்று 1990-இல் உறுதியானது கலிஃபோர்னியாவின் டடிஸ்கா குளோமெராட்டா என்ற செடி. ஆணும் இருபாலியும் இருக்கின்றன, இருபாலியின் மகரந்தமும் வேலை செய்கிறது. விடை அதன் பூர்வீகத்தில் இருந்தது. இருபாலிக் கூட்டத்துக்குள் ஆண் நுழையவில்லை. ஆணும் பெண்ணுமாக இருந்த குடும்பத்தில் பெண்தான் கொஞ்சம் மகரந்தம் செய்யக் கற்று இருபாலி ஆகியிருக்கிறது. ஆண், பழைய ஏற்பாட்டில் மிஞ்சி நிற்பவன். இப்படி மாற எவ்வளவு காலம் பிடிக்கும் என்று மெர்க்குரியாலிஸ் என்ற ஐரோப்பியக் களைச்செடியில் சோதித்தார்கள். தோட்டத்திலிருந்து ஆண்களை முழுக்க நீக்கிவிட்டு, எப்போதாவது ஓர் ஆண் பூவைத் தவறிப் பூக்கும் பெண்களை மட்டும் தலைமுறை தலைமுறையாக விதைத்தார்கள். நான்கே தலைமுறையில் பெண்கள் பூத்த ஆண் பூக்கள் இருபது மடங்குக்கு மேல் கூடிவிட்டன.

மத்தியதரைக் கடலோரத்து ஃபிலிரியா புதர் மட்டும் வேறு வழியில் கணக்கை ஏய்த்தது. மல்லிகை, ஆலிவ் குடும்பத்தைச் சேர்ந்தது அது. சில இடங்களில் பாதிச் செடிகள் ஆண்கள். 2010-இல் முடிச்சு அவிழ்ந்தது. இருபாலிகள் இரண்டு கோத்திரமாகப் பிரிந்திருக்கின்றன. தன் கோத்திரத்துக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது, அடுத்ததோடு மட்டும்தான். ஆணுக்கு இந்தத் தடை இல்லை, அவன் இரண்டு கோத்திரத்திலும் பெண் எடுக்கலாம். ஆக ஓர் இருபாலியைப் போல இரண்டு மடங்கு வாய்ப்பு, எந்தக் கூடுதல் உழைப்பும் இல்லாமல்.

விலங்குகளுக்கு வந்தால் தராசு அப்படியே தலைகீழாகச் சாய்கிறது. பெண்ணும் இருபாலியும் கலந்த விலங்கு மிக மிக அரிது. ஆணும் இருபாலியும் கலந்தவை அதைவிட நிறைய. ஆய்வகங்களில் உலகம் முழுக்க வளர்க்கப்படும் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர்ப் புழுவே அப்படித்தான். அதன் இருபாலி இளமையில் சுமார் 300 விந்தணுக்களைச் செய்து சேமித்துக்கொள்கிறது. பிறகு சினை முட்டைக்கு மாறி, சேமித்ததை வைத்தே பிள்ளை பெறுகிறது. ஆண்கள் ஆயிரத்தில் ஒன்றிரண்டு.

இங்கே நடந்ததை இப்படி யோசித்துப் பாருங்கள். ஆணும் பெண்ணுமாக இருந்த கூட்டத்தில் ஒரு பெண் கொஞ்சம் விந்தணு செய்யத் தொடங்குகிறது. அதற்கு இனி ஆண் கிடைக்காத பயம் இல்லை. ஒரே ஒரு புழு புதிய அழுகல் பழத்தில் போய் விழுந்தாலும் அங்கே குடும்பம் நடத்திவிடும். பழைய பாணிப் பெண்கள் ஆணுக்காகக் காத்திருந்து தோற்றுப்போய்க் காணாமல் போகிறார்கள். ஆண் மட்டும் முழுதாக மறைவதில்லை. காரணம், இருபாலிப் புழுவால் இன்னொரு இருபாலியோடு கூட முடியாது. அதற்கான உறுப்பு அதனிடம் இல்லை. வெளி ரத்தம் வேண்டுமென்றால் ஆண் ஒருவன்தான் வழி. ஒரு பெண் இருபாலி ஆவதும் அப்படியொன்றும் பெரிய மாற்றம் இல்லை. இதன் உறவான சீனோராப்டைட்டிஸ் ரெமானி என்ற ஆண்–பெண் புழுவில் இரண்டே மரபணுக்களின் வேலையைக் குறைத்ததும், பெண்கள் தாமாகவே பிள்ளை பெற்றதை 2009-இல் காட்டினார்கள்.

இத்தனை குறைவாக இருக்கும் ஆணால் என்ன பயன்? கூடவே மாறிக்கொண்டு வரும் நோய்க்கிருமியோடு இந்தப் புழுக்களை வளர்த்த ஒரு சோதனையின் முடிவு 2011-இல் வெளிவந்தது. தனக்குத்தானே மட்டும் இனம்பெருக்கும்படி மாற்றப்பட்ட புழுக்கூட்டங்கள் இருபது தலைமுறைக்குள் அழிந்தன. ஆணோடு கலக்க வழியுள்ள கூட்டங்கள் பிழைத்தன, ஆண்களின் பங்கும் அவற்றில் கூடியது.

ஃபுளோரிடாவிலும் கரீபியன் சதுப்புக் காடுகளிலும் வாழும் ரிவுலஸ் என்ற சிறு மீனும் இதே கட்சி. நண்டு வளையிலும் உளுத்த மரத்துண்டுக்குள்ளும் தண்ணீர் இல்லாமலே நாள்கணக்கில் கிடக்கும். தன் முட்டையைத் தானே சூலுறச் செய்யும் முதுகெலும்பி என்று 1961-இல் இது தெரியவந்தபோது நம்பச் சிரமமாக இருந்திருக்கும். இங்கேயும் ஆண்கள் உண்டு. பல இடங்களில் அபூர்வம், பெலீஸ் கடலோரத் தீவுகளில் மட்டும் கணிசம். மழைக் குட்டையில் பிறந்து அது வற்றுவதற்குள் வாழ்வை முடித்துக்கொள்ளும் யூலிம்னாடியா என்ற ஓட்டு இறாலும் ஆண்–இருபாலிக் கலப்புதான். இவையெல்லாம் ஒண்டியாகப் போய் விழும் இடத்தில் பிழைக்க வேண்டியவை என்பதைக் கவனித்தால் பொதுக் காரணம் புலப்படும்.

படகடியிலும் பாறையிலும் ஓடு கட்டி ஒட்டிக்கொள்ளும் பார்னக்கிள் இந்த வரிசையில் சேராது. 1848-இல் டார்வின் அவற்றை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒட்டுண்ணி என்று நினைத்த சிறு துணுக்குகள் ஆண்கள் என்று கண்டார். சில இனங்களில் அவை பெண்ணின் மேல் ஒட்டியிருந்தன. சிலவற்றில், வியப்புக்குரிய விதமாக, இருபாலியின் மேலேயே ஒட்டியிருந்தன. இருபாலிகள் இருந்த இடத்தில் ஆண் புதிதாக நுழைந்த கதை இது என்றுதான் கருதப்படுகிறது. துணையின் மேலேயே குடியிருக்கிற, ஊசிமுனை அளவு ஆணுக்கு அலைச்சலும் இல்லை, உடம்பு வளர்க்கும் செலவும் இல்லை. கணக்கு எப்படியோ கட்டுப்படியாகிவிட்டது.

இனி பப்பாளி. மூன்றும் கலந்து நிற்பதைப் பார்த்தால் இருபாலி மரம், கிவிக் கொடி போன வழியில் மெல்ல மெல்ல ஆண் பெண்ணாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்று முடிவு கட்டத் தோன்றும். அப்படித்தான் நினைக்கவும் பட்டது. மரபணுவைப் படித்ததும் திசை மாறியது. பப்பாளியில் எக்ஸ் இரண்டு இருந்தால் பெண், எக்ஸும் ஒய்யும் இருந்தால் ஆண். இருபாலியிடம் எக்ஸோடு சேர்ந்து இருப்பது ஒய்யின் இன்னொரு வடிவம். அதை ஒய்-ஹெச் என்கிறார்கள். எக்ஸும் ஒய்யும் பிரிந்து லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. ஒய்யும் ஒய்-ஹெச்சும் பிரிந்தது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புதான் என்று 2015-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. காட்டுப் பப்பாளியில் ஆணும் பெண்ணும்தான். மத்திய அமெரிக்காவில் மாயா மக்கள் இந்த மரத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த காலத்தை ஒட்டி, காய்க்கத் தொடங்கிய ஏதோ ஓர் ஆண் மரத்தை யாரோ பிடித்துப்போய் விதைத்திருக்கிறார்கள். அந்த வம்சம்தான் இன்றைய இருபாலி மரங்கள். காம்பு நுனியில் காய் தொங்கும் கொல்லைப் பப்பாளியை வெறும் வேடிக்கையாக என்னால் இனிப் பார்க்க முடியாது.

ஆண் வழியில் வந்ததற்கு ஒரு விலையும் உண்டு. ஒய் குரோமோசோமில் உயிர் வாழ அவசியமான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. ஒய் இரண்டு சேர்ந்தாலும், ஒய்-ஹெச் இரண்டு சேர்ந்தாலும் கரு பிழைக்காது. அதனால் இருபாலி மரத்தை அதன் மகரந்தத்தாலேயே சூலுறச் செய்தால் பிழைக்கும் விதையில் மூன்றில் இரண்டு பங்கு இருபாலி, ஒரு பங்கு பெண். எத்தனை தலைமுறை பொறுக்கியெடுத்தாலும் முழுக்க இருபாலியாகவே முளைக்கும் விதையை இந்த வழியில் எடுக்க முடியாது. குழியில் ஒரே நாற்று வைத்தால் மூன்றில் ஒரு குழி பெண்ணாகிவிடும். மூன்று வைத்தால் மூன்றும் பெண்ணாக வாய்ப்பது இருபத்தேழு குழிக்கு ஒன்று. மரபியல் படிக்காத உழவரும் அதனால்தான் மூன்று நாற்றோடு குழிக்குப் போகிறார்.